கணிப்பொறியும் நமது பேரேடுகளும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணிப்பொறியைப் பற்றி இக்கூட்டத்தில் சிறிது நேரம் பேசுதல் வேண்டும் என்று நமது காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வியந்திரத்திற்கு நிரல் எழுதுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்தோமாதலின், அதனைக் குறித்துச் சொல்லத்தக்க விஷயம் எம்மிடம் சிறிதேனும் இருக்குமென அவர்கள் கருதினார்கள் போலும். யாம் பண்டிதரல்லேம், பிரசங்கம் செய்து பழகியவருமல்லேம். தச்சன் ஒருவனை அழைத்து மரத்தைக் குறித்துப் பேசுக என்றால், அவன் வனத்தின் அழகைக் கூறமாட்டான். எம்மரம் வெடிக்கும், எது வளையும், எதில் ஆணி ஏறாது என்றே கூறுவான். எமது பேச்சும் அத்தன்மைத்தே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

இன்று மாலை நீங்கள் ஆலோசிக்கவிருக்கும் தீர்மானங்களுள் ஒன்று எமது பேச்சோடு நெருங்கிய சம்பந்தமுடையது. சங்கத்தின் பழைய விவாகப் பதிவேடுகளையும், அங்கத்தினர் பேரேடுகளையும், நன்கொடைக் கணக்குகளையும் ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றிவிட்டு, இடத்தை அடைத்துக் கிடக்கும் காகிதங்களைக் கழித்துவிடலாம் என்பது அத்தீர்மானம். அதன் முற்பாதியை யாம் மனமுவந்து ஆதரிக்கிறோம், பிற்பாதியை எதிர்க்கிறோம். காரணங்களைச் சொல்லுமுன், அவ்வியந்திரம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் அவசியமாகின்றது.

யாம் இத்தொழிலிற் புகுந்தது 1979-ஆம் ஆண்டு. அக்காலத்தில் நிரல்களைத் துளையிட்ட அட்டைகளிலேயே எழுதி வந்தோம். அட்டை ஒன்றுக்கு எண்பது பத்திகள். பத்தி ஒன்றுக்கு ஓரெழுத்து. நிரலின் வரி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ஆயிரம் வரி கொண்ட நிரலாயின் ஆயிரம் அட்டைகள் சேர்ந்த கட்டொன்றைக் கைக்குழந்தையைப் போல் ஏந்திச் செல்வோம். கட்டின் மேற்புறத்தில் மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைத்திருப்போம். கைதவறி விழுந்து சிதறினால், அக்கோட்டின் ஒழுங்கைக் கொண்டே அட்டைகளை மீண்டும் அடுக்குவது வழக்கம். காலையிற் கொடுத்த கட்டுக்கு மறுநாள் விடை வரும். ஒரு புள்ளி பிசகியிருந்தால் பிழை என்று சொல்லும் காகிதம் மட்டுமே வரும். ஒரு நாள் போயிற்று. ஆதலின் கட்டை ஒப்படைக்குமுன் மூன்று முறை படித்துப் பார்ப்பதை அத்தொழிலாளர் யாவரும் கடமையாகக் கொண்டிருந்தனர். அக்காலமே பொற்காலம் என்று யாம் சொல்ல வரவில்லை; அட்டைத் துளையிடும் அறையின் இரைச்சலைக் கேட்டிருப்பவர் எவரும் அங்ஙனம் சொல்லார். எனினும், ஒரு சொல்லை வெளியிடுமுன் மும்முறை படிக்கும் வழக்கம், கைப்பேசியில் வந்த செய்தியைப் படியாமலே ஒன்பது குழுக்களுக்கு அனுப்பும் இக்காலத்தவர்க்கும் ஆகாத ஒன்றன்று.

அன்றைய யந்திரத்திற்கும் இன்றைய யந்திரத்திற்கும் வேகத்திலும் கொள்ளளவிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு, இயல்பில் வேற்றுமையில்லை. 1969-இல் மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டு சென்ற கலத்திலிருந்த கணிப்பொறியில், எழுதி அழித்தற்குரிய நினைவறைகள் 2,048 மட்டுமே. இன்று உங்கள் மடியிற் கிடக்கும் கைப்பேசியில் அதனினும் பல இலட்சம் மடங்கு இடம் உண்டு. அங்ஙனமாயின் அது ஏன் மூன்றாண்டில் தள்ளாடுகிறது என்று கேட்பீர்கள். நிக்லாஸ் விர்த் என்னும் சுவிட்சர்லாந்து தேசத்துப் பேரறிஞர், யந்திரம் வேகமடைவதைக் காட்டிலும் விரைவாக நிரல்கள் பருத்து மந்தமடைகின்றன என்று 1995-இலேயே எழுதினார். இடம் மிகுதியாக இருப்பதால் எழுதுவோர் சிக்கனத்தை மறந்தனர் என்பதே அதன் தாத்பரியம். ஆகவே, கைப்பேசி மெதுவாக ஓடினால் உங்கள் கைமேல் குற்றமில்லை. பெரும்பாலும் பாட்டரி தளர்ந்திருக்கும். வேண்டாத படங்களும் நிரல்களும் நிரம்பியிருக்கும். பாட்டரியை மாற்றி, குப்பையை நீக்கிப் பாருங்கள். அதன் பின்னரும் ஆகாதெனின் புதியது வாங்கலாம். தீபாவளிக்குத் தீபாவளி கைப்பேசி மாற்றும் இளைஞர்கள் இங்கே சிலர் இருக்கின்றனர். அவர்கள் தந்தையார்களும் இருக்கின்றனர். மேலே சொல்ல வேண்டுவதில்லை.

இனி, ஒரு சிறு விஷயத்தில் நேர்ந்த பெரும் சங்கடத்தைக் கூறுவோம். நினைவறைகள் அரிதாயிருந்த காலத்தில், ஆண்டினை நான்கு இலக்கமாக எழுதாது கடைசி இரண்டு இலக்கமாகவே எழுதி வைத்தனர். 1965 என்பது 65 ஆயிற்று. 2000-ஆம் ஆண்டு பிறந்தால் யந்திரம் அதனை 1900 என்று கொள்ளும்; வட்டிக் கணக்கும், வயதுக் கணக்கும், ஓய்வூதியக் கணக்கும் தலைகீழாகும். இதனைச் சீர்ப்படுத்துவதற்காக 1998, 1999-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் இத்தொழிலாளர் இரவும் பகலும் உழைத்தனர். நம் நாட்டு இளைஞர் பல்லாயிரவர் அப்பணியால் பிழைப்புப் பெற்றனர். யாமும் ஒரு வங்கிக்காக ஈராண்டு அப்பணியே செய்தோம். 2000 ஜனவரி முதல் தேதி பெருங்கேடு எதுவும் நிகழவில்லை. உடனே, இஃது ஏமாற்றுப் பேச்சு என்று பலரும் நகைத்தனர். மழைக்கு முன் கூரையேறி ஓடு மாற்றியவனை நோக்கி, வீடு ஒழுகவேயில்லையே, உனக்கு ஏன் கூலி என்று கேட்பதை ஒக்கும் அது.

அதே ஜாதிச் சங்கடம் இன்னொன்று காத்திருக்கின்றது. பல யந்திரங்கள் காலத்தை 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து கழிந்த விநாடிகளாக எண்ணி வருகின்றன. 32 இலக்க அறையில் அவ்வெண்ணைக் கொள்ளும் பழைய யந்திரங்கட்கு, 2038 ஜனவரி 19-ஆம் நாள் நமது நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு அறை நிரம்பிவிடும். அடுத்த விநாடி 1901-ஆம் ஆண்டு டிசம்பருக்குத் திரும்பிவிடும். புதிய கைப்பேசிகளிலும் கணிப்பொறிகளிலும் அறையைப் பெரிதாக்கிவிட்டனர். ஆலைகளிலும் கட்டடச் சுவர்களுக்குள்ளும் மறைந்து கிடக்கும் சிறு யந்திரங்களே கவலைக்குரியவை. நம் பிள்ளைகளுள் இத்தொழிலில் உள்ளோர் அவற்றைத் தேடிச் சீர்ப்படுத்துவார்களாக. அவர்களையும் ஊரார் நகைப்பார்கள்.

விவாகப் பதிவேட்டு விஷயத்திற்கு வருவோம்.

நமது அங்கத்தினர் குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருக்கு, கணவர் காலமான பின் குடும்ப ஓய்வூதியம் பெறும்பொருட்டு விவாகச் சான்று வேண்டியிருந்தது. அவர் விவாகம் நடந்தது 1958-இல். சர்க்காரில் பதிவு செய்யும் வழக்கம் அக்காலத்தில் நம்மவரிடம் இல்லை. பத்திரிகையுமில்லை, படமுமில்லை. சங்கத்தின் பதிவேட்டில் மட்டும் நாள், ஊர், இருதரப்புப் பெற்றோர் பெயர், சாட்சிகளின் கையொப்பம் யாவும் இருந்தன. ஸ்கேன் செய்த நகலை முதலில் அச்சிட்டுக் கொடுத்தோம். செலவு குறைவதற்காகக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட நகல் அது. ஊதா மையால் இட்ட கையொப்பங்கள் அதில் வெறும் வெள்ளையாய்ப் போயிருந்தன. சம்பந்தப்பட்ட அலுவலகத்தார் ஏற்க மறுத்தனர். பின்னர் மூல ஏட்டையே துணியிற் சுற்றி எடுத்துச் சென்று காட்டியதன் பேரில் காரியம் முடிந்தது. அம்மூதாட்டியார் இன்று முன்வரிசையில் வீற்றிருக்கிறார்கள். அவ்வேட்டைச் சென்ற ஆண்டே கழித்திருந்தோமாயின் அவருக்கு யாம் என்ன விடை கூறுவது?

ஸ்கேன் செய்த நகல் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்று நம்புவோர் பலர். 2013-இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியர் ஒரு விந்தையைக் கண்டறிந்து வெளியிட்டார். பெயர்பெற்ற கம்பெனி ஒன்றின் நகல் யந்திரத்தில் கட்டட வரைபடம் ஒன்றை எடுத்தபோது, வெவ்வேறு பரப்புள்ள அறைகளுக்கு ஒரே எண் அச்சாகி வந்தது! இடத்தைச் சுருக்கும்பொருட்டு, உருவில் ஒத்த எழுத்துக்களை ஒன்றெனவே கருதி, ஒன்றன் படத்தை மற்றொன்றன் இடத்தில் அவ்வியந்திரம் வைத்துவிடும். இவ்வாறு 6 என்னும் இலக்கம் 8 ஆகிவிடும். மங்கிப் போயிருந்தால் ஐயம் பிறக்கும். அதுவோ தெளிவாகவே பொய் சொல்லிற்று. நன்கொடைக் கணக்கில் 6,000 என்பது 8,000 ஆகிவிட்டால், காலஞ்சென்ற பொக்கிஷதாரின் பெயருக்கன்றோ களங்கம் நேரும்! மூலம் கையிலிருந்தால் ஒப்பிட்டுத் தெளியலாம்.

இதனினும் நுட்பமானது எழுத்து விஷயம். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். எவ்வெழுத்துக்கு எவ்வெண் என்று மனிதர் ஓர் அட்டவணை வகுத்துக் கொடுத்தல் வேண்டும். ஆங்கிலத்திற்கு அவ்வட்டவணை 1960-களிலேயே அமைந்துவிட்டது. தமிழுக்கோ, 1980, 1990-களில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு, ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தமிழ் உருவங்களை அமர்த்தினர். ஒருவர் எழுத்துருவில் அடித்ததை மற்றொருவர் எழுத்துருவில் திறந்தால், பைத்தியக்காரன் கிறுக்கலாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பின்னர்த் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஒரு பொது அட்டவணையை ஏற்படுத்தினர். உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு என்னும் அட்டவணையில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. ஆயினும் அது நம்மவரிடையே பரவப் பத்து, பதினைந்து ஆண்டுகள் சென்றன.

1996-ஆம் ஆண்டு நமது சங்கத்தார் விவாகப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றிப் புத்தகமாக அச்சிட்டனர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிளாப்பி ஆறும் சென்ற ஆண்டு அலமாரியிலிருந்து அகப்பட்டன. அவற்றைப் படிக்கத்தக்க கருவியைத் தேடிப் பிடிப்பதற்கே மூன்று வாரங்களாயின. ஆறனுள் இரண்டு படிக்கவே இயலாது கெட்டிருந்தன. ஏனைய நான்கிலும் இருந்தவை கேள்விக்குறிகளும், கொம்புகளும், ஐரோப்பிய எழுத்துக்களுமே. அவ்வெழுத்துருவைச் செய்த நிறுவனம் இப்போதில்லை. யாம் என் செய்தோமெனின், அச்சிட்ட புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிறுக்கலையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எவ்வெண் எவ்வெழுத்து என்னும் அட்டவணையை மீண்டும் உண்டாக்கினோம். பதினெட்டு நாட்கள் ஆயின. அதன் பின்னரே அந்நான்கு பிளாப்பிகளும் தமிழ் பேசின. கெட்டுப்போன இரண்டில் இருந்தவற்றைப் புத்தகத்தைப் பார்த்தே நம் மகளிர் அணியினர் மறுபடி அடித்துக் கொடுத்தனர். காகிதம் இல்லையாயின் பூட்டும் திறவாது. பெட்டியில் இருந்ததும் தெரியாது. கணிப்பொறியால் காகிதத்தைக் காத்தோம் என்று பெருமை பேசுகிறோம். இங்கே காகிதமன்றோ கணிப்பொறியைக் காத்தது!

இத்தகைய விபத்து நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் அரசன் 1086-இல் எடுப்பித்த நிலக்கணக்குப் புத்தகம் ஒன்றுண்டு. அதன் 900-ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாடும்பொருட்டு, பி.பி.சி. நிறுவனத்தார் 1986-இல் தேசத்து மக்கள் வாழ்க்கையையெல்லாம் படங்களும் எழுத்துமாகத் திரட்டி, அந்நாளைய நவீன ஒளித்தட்டுகளிற் பதித்தனர். பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட பெருந்தொகையினர் அதற்கு எழுதிக் கொடுத்தனர். பதினைந்தாண்டு கழிவதற்குள் அத்தட்டுகளைப் படிக்கும் யந்திரங்கள் அருகிப் போயின. 2002-ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியாளர் பெரும்பாடுபட்டே அவற்றை மீட்டனர். தோலில் எழுதிய 1086-ஆம் ஆண்டுப் புத்தகமோ இன்றும் படிக்கத்தக்க நிலையிலேயே இருக்கின்றது.

ஓலைச்சுவடியும் அழிந்ததல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வியே. ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டே. நம் முன்னோர் ஓலை நிலைக்குமென்று நம்பவில்லை. பழைய ஏடு பழுதாவதற்கு முன்னரே புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வந்தனர். அவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதியவர்கள் இருந்தமையாலன்றோ, மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் ஊர் ஊராகச் சுவடி தேடிச் சென்று 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்க இயன்றது! பெயர்த்தெழுதுவோர் அற்ற நூல் செல்லுக்கிரையாயிற்று. கணிப்பொறியில் உள்ளதற்கும் அதே விதிதான். வேற்றுமை யாதெனின், ஓலைக்கு முந்நூறு ஆண்டு அவகாசம் உண்டு, பென் டிரைவுக்குப் பத்தாண்டுகூட உறுதியில்லை. ஆகவே ஏற்றி வைத்தால் மட்டும் போதாது. ஐந்தாண்டுக்கொரு முறையேனும் புதிய சாதனத்திற்கு மாற்றவும், ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்கவும் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும்.

பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கீழ்த்தளத்தில் கணிப்பொறியையும், அதன் பக்கத்து மேசையறையிலேயே அதன் பிரதியையும் வைத்திருந்தவர்கட்கு இரண்டும் ஒரே இரவிற் போயின. கிளௌடு என்று சொல்லும் இணையச் சேமிப்பில் வைத்தால் போதாதா என்று இளைஞர் கேட்பர். மேகம் என்று பெயரே தவிர, அது பிறரொருவர் கட்டடத்திலுள்ள கணிப்பொறியே. சந்தா கட்டத் தவறினால் அவர் அழித்துவிடுவார். அன்றியும், நமது சங்கத்தின் இணையக் கணக்கு எவர் பெயரில் உள்ளது, எவர் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வருகின்றது என்று யாராவது விசாரித்ததுண்டா? யாம் விசாரித்தோம். ஐந்தாண்டுகட்கு முன் பதவி விட்டு, மகனோடு வெளிதேசம் சென்றுவிட்ட ஒருவர் பெயரில் உள்ளது. அவர் உத்தமர், எனினும் அவ்வெண்ணை அவர் கைவிட்டால் சங்கத்தின் சாவி ஆற்றில் விழுந்ததுபோலாகும். பதவி மாறும்போது பீரோச் சாவியை வாங்குவதுபோல் இதனையும் வாங்குதல் வேண்டும்.

இடையே ஒரு செய்தி. தமிழில் எழுதுவோர்க்குச் சுவையளிக்கும். யூனிகோடு எண்களைச் சிக்கனமாக எழுதும் முறையை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அமெரிக்காவில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் உணவுத் தட்டின் கீழ் விரிக்கும் காகிதத்தில் வகுத்தனர். அம்முறையில் ஆங்கில எழுத்தொன்று ஓர் இடம் கொள்ளும். தமிழ்க் குறியொன்று மூன்று இடம் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் நமது கண்ணுக்கு மூன்றெழுத்து. யந்திரத்திற்கோ ஐந்து குறிகள், பதினைந்து இடங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்துக் கொள்ளும் குறுஞ்செய்தி தமிழில் 70 குறிகளோடு முடிந்துவிடுகிறது. அதற்காகத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவது எமக்கு உடன்பாடன்று. இரண்டு செய்தியாக அனுப்பினால் குடி முழுகிவிடாது.

அடுத்து, பணத்தைக் குறித்துச் சொல்லியாக வேண்டும். நம்மவர் பலர் வியாபாரிகள், பலர் ஓய்வு பெற்றவர்கள். கைப்பேசி வழியே பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை 2016-இல் நம் நாட்டிற் தொடங்கியது. அதனை யாம் மெச்சுகிறோம். சில்லறைத் தகராறு ஒழிந்தது ஒன்றே போதும். கடைகளில் ஒட்டியுள்ள கியூ.ஆர். கட்டத்தை 1994-இல் ஜப்பானில் மோட்டார் உறுப்புக்களை எண்ணுவதற்காகக் கண்டுபிடித்தனர். மூலையிலுள்ள மூன்று சதுரங்கள் திசை காட்டுவன. அழுக்குப் படிந்தாலும் ஓரம் கிழிந்தாலும் அது வேலை செய்வதற்குக் காரணம், பிழை நீக்கும் கணிதம் அதனுள் பொதிந்திருத்தலே. எல்லாம் சிறப்புத்தான். ஆனால் அக்கட்டத்தின் மேல் வேறொருவன் தன் கட்டத்தை ஒட்டிவிட்டால் கணிதம் காவாது. கடைக்காரர்கள் காலைதோறும் தம் கட்டத்திற்கு ஒரு ரூபாய் அனுப்பி, தம் பெயர் வருகிறதா என்று பார்ப்பது நலம்.

இரகசிய எண்ணைக் குறித்து ஒன்றே ஒன்று; இதைத் தாய்மார்கள் மனத்திற் பதித்தல் வேண்டும். யு.பி.ஐ. இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே உரியது. பணம் வாங்குவதற்கு அது வேண்டியதில்லை. “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்” என்று எவனாவது சொன்னால், அவன் உங்கள் மடியில் கைவைக்கிறான் என்று அறிக.

இதனினும் கொடிய வஞ்சகம் ஒன்று சில ஆண்டுகளாகப் பரவி வருகின்றது. நமக்கு உறவினரான ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. காவல் உடுப்பணிந்த ஒருவன் திரையில் தோன்றி, அவர் பெயரால் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் அகப்பட்டதென்றும், அவரை ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாகவும், யாரிடமும் பேசலாகாதென்றும் மிரட்டினான். இரண்டு நாட்கள் அவ்வம்மையார் தம் வீட்டிலேயே, அடுத்த அறையில் மருமகள் இருக்கவும், வாய் திறவாது அமர்ந்திருந்தார். தம் சேமிப்பை நான்கு தவணையாக அனுப்பிவிட்டார். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்பதொன்று கிடையவே கிடையாது; எந்தப் போலீசாரும் திரை வழியே கைது செய்யார், பணமும் கேளார். 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே வானொலியில் இதனை எடுத்துக் கூறும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

அவ்வம்மையார் இருபத்தாறு நாட்கள் இதனை எவரிடமும் சொல்லவில்லை. காரணம் யாது? வெட்கம். படித்தவர், பிறர் பிள்ளைகட்குப் புத்தி சொன்னவர், தாம் ஏமாந்ததை எவ்வாறு சொல்வது என்னும் வெட்கம். 1930 என்னும் எண்ணுக்கு அன்றே தெரிவித்திருந்தால், திருடன் கணக்கிலிருந்து பணம் கைமாறுவதற்குள் வங்கிகள் அதனை முடக்கக் கூடும். நாள் செல்லச் செல்ல அவ்வாய்ப்பு அருகிவிடும். எம்மைக் கேட்டால், இவ்விஷயத்தில் யந்திரத்தின் கோளாறு சிறிதே. குடும்பத்தின் கோளாறே பெரிது. ஏமாந்தவரை நோக்கி, “இவ்வளவு படித்தும் புத்தியில்லையா?” என்று கேட்கும் மகனும் மருமகனும் உள்ள வீட்டில் எந்தத் தாய் உடனே வாய் திறப்பாள்? இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் பெற்றோரிடம், “பணம் போனாலும் போகட்டும், உடனே எங்களிடம் சொல்லுங்கள், ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டோம்” என்று சொல்லி வையுங்கள். பின்னர் அவ்வாக்கைக் காப்பாற்றுங்கள்.

கடவுச்சொல்லைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அடிக்கடி மாற்றவேண்டும், குறிகளும் எண்களும் கலக்கவேண்டும் என்னும் விதிகளுக்கு 2003-ஆம் ஆண்டு அமெரிக்கச் சர்க்கார் நிறுவனம் ஒன்றிலிருந்து பில் பர் என்பார் எழுதிய அறிவுரையே பெரிதும் ஆதாரமாயிருந்தது. 2017-இல் அந்நிறுவனத்தாரே அவ்விதிகளைக் கைவிட்டனர். பர் அவர்களும் தம் அறிவுரைக்காக வருந்தினார். நீண்டதாயிருத்தல் வேண்டும், ஒன்றையே பல இடத்திற் பயன்படுத்தலாகாது, இவ்வளவே. நினைவில் நில்லாதெனின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, நகைப் பெட்டியோடு பூட்டி வையுங்கள். அயல்நாட்டிலிருந்து கணிப்பொறி வழியே திருடுபவன் உங்கள் பீரோவைத் திறக்கமாட்டான். எம்மைச் சார்ந்த தொழிலாளர் சிலர் இதைக் கேட்டுச் சினப்பர், சினக்கட்டும்.

தொட்டால் இயங்கும் திரைகளை எதிலும் பதிக்கும் மோகமும் எமக்குப் பிடிக்கவில்லை. கண் மங்கிய பாட்டிக்கு, தடவிப் பார்த்து அழுத்தும் பித்தான் போல் வருமா? 2017-இல் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வேறு கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தனர். சுக்கானும் வேகமும் தொடுதிரை வழியே நடத்தப்பட்டமை குழப்பத்திற்கு ஒரு காரணம் என்று விசாரணையாளர் கண்டனர். அதன் பின்னர் அக்கடற்படையார் பழைய கைப்பிடிகளையே மீண்டும் பொருத்த முடிவு செய்தனர். துணி துவைக்கும் யந்திரம் வாங்கும்போது இதை நினைவிற் கொள்க.

இறுதியாக, இக்காலத்துப் புதுமையான செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், எதனைக் கேட்டாலும் விடை எழுதித் தரும் யந்திரங்கள் மலிந்துவிட்டன. விண்ணப்பம் எழுதவும், நீண்ட கடிதத்தின் சாரம் அறியவும் யாமும் அவற்றைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அவை அறிந்து சொல்வனவல்ல. எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வருவது இயல்பு என்று கணக்கிட்டுத் தொடுப்பன. ஆதலின் உண்மையையும் பொய்யையும் ஒரே கம்பீரத்தோடு சொல்லும். 2023-இல் நியூயார்க் நகரத்து வக்கீல்கள் இருவர், அவ்வியந்திரம் கற்பித்துக் கொடுத்த இல்லாத தீர்ப்புக்களைக் கோர்ட்டில் எடுத்துக்காட்டி, 5,000 டாலர் அபராதத்திற்கு ஆளாயினர்.

இதனை ஏன் சொல்கிறோமெனின், நமது பத்திரிகைக்கு அண்மையில் வந்த ‘நம் குல பூர்வ சரித்திரம்’ என்னும் கட்டுரையில், ஒரு செப்பேடும், அதன் ஆண்டும், அது கிடைத்த கோயிலும் வெகு தெளிவாகக் கூறப்பட்டிருந்தன. ஆசிரியர் அவர்கள் அக்கோயிலுக்கே ஆள் அனுப்பி விசாரித்தார்கள். அங்ஙனம் ஒரு செப்பேடு எக்காலத்திலும் இருந்ததில்லை. எழுதிய இளைஞரைக் குறை சொல்லவில்லை. யந்திரம் சொன்னதை அவர் நம்பினார். அக்கட்டுரை அச்சாகியிருந்தால், நாளை வேறொரு யந்திரம் நமது பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டும்! உண்மையாகவே நம்மிடம் இருக்கும் சரித்திரம் அலமாரியிலுள்ள அந்த ஏடுகளே. இன்னார் மகன் இன்னார், இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் மகளை மணந்தார் என்று கைப்பட எழுதிய வரிகளை எந்த யந்திரமும் கற்பிக்கவில்லை.

ஆதலின் தீர்மானத்தைப் பின்வருமாறு திருத்தி நிறைவேற்றுமாறு சபையாரை வேண்டுகிறோம். ஏடுகளை வர்ணத்தில், சுருக்காமல், ஸ்கேன் செய்க. பெயர்களை யூனிகோடு எழுத்தில், எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும் எளிய வடிவில் அடித்து வைக்க. பிரதி ஒன்று மதுரைக் கிளையில் இருக்கட்டும். காகித ஏடுகள் மாடி அறையில், தரையைத் தொடாத இரும்பு அலமாரியில் இருக்கட்டும். அதற்கான செலவில் பாதியை யாமே ஏற்கிறோம். ஏடுகள் மொத்தம் நாற்பத்தொன்று. நாளொன்றுக்கு இருவர் நான்கு மணி நேரம் அமர்ந்தால் இரண்டு மாதத்தில் முடியும். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியோர் ஒருவரும், தட்டச்சுத் தெரிந்த இளைஞர் ஒருவரும் சேர்ந்து அமர்தல் உத்தமம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் கலைந்ததும் எம்மிடம் தெரிவிக்கலாம். அலமாரிச் சாவி பொக்கிஷதார் அவர்களிடம் உள்ளது; அவர்கள் இன்றிரவு வண்டிக்கே ஊருக்குப் புறப்படுகிறார்களாம், அதற்குள் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும்.